தொட்டால் மாறும் பாடம்: தொடக்கப் பள்ளியில் ஊடாடும் இணையதளங்கள்

ஊடாடும் இணையதளம் என்பது குழந்தையின் செயலுக்கு ஏற்ப மாறி, அந்த மாற்றத்தாலேயே மறுமொழி சொல்லும் தளம். பாடநூலின் பக்கங்களைப் படமெடுத்துத் திரையில் ஏற்றிவிட்டால் அது ஊடாடும் தளம் ஆகிவிடாது. காணொளியை ஓடவிடுவதும் நிறுத்துவதும் ஊடாட்டம் ஆகா. இரு பக்கமும் கல் வைத்த சீசா பலகை திரையில் சாய்ந்து நிற்கிறது. கனமான கல்லைக் குழந்தை பலகையின் நடுப்பகுதி நோக்கி நகர்த்துகிறது. பலகை நிமிர்ந்து சமநிலைக்கு வருகிறது. சரி, தவறு என்று எவரும் சொல்லவில்லை, பலகையே சொல்லிவிட்டது. இவ்வாறு குழந்தையின் செயலும் தளத்தின் மறுமொழியும் மாறி மாறி நிகழ்வதுதான் ஊடாட்டம்.

தொடக்கப் பள்ளிக்குப் பயன்படும் தளங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை பயிற்சித் தளங்கள்: கூட்டல், பெருக்கல் வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல் போன்றவற்றில் கேள்வி கேட்டு விடையைத் திருத்துபவை. இரண்டாம் வகை மெய்நிகர் செயல்பாடுகள்: தராசு, மின்சுற்று, பின்ன வட்டம் போன்றவற்றைத் திரையில் கையாள விடுபவை. மூன்றாம் வகை படைப்புத் தளங்கள்: குழந்தை தானே கதையோ விளையாட்டோ ஓவியமோ உருவாக்க இடம் தருபவை. நான்காம் வகை வாசிப்புத் தளங்கள்: படக்கதைகளை நிலைவாரியாக அடுக்கித் தருபவை. இந்த நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஏற்கெனவே புரிந்ததை உறுதிப்படுத்த முதல் வகை உதவும். புரியாததைப் புரியவைக்க அது உதவாது. இந்த வேறுபாடு தெரியாமல் தளத்தைத் தேர்ந்தெடுப்பதே வகுப்பறையில் வரும் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம்.

வந்த வழி

கணினியைக் கொண்டு கற்பிக்கும் முயற்சி இணையத்துக்கு மூத்தது. 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சரின் முயற்சியில் பிளேட்டோ என்னும் கற்பித்தல் கணினி அமைப்பு தொடங்கியது. 1972இல் வந்த அதன் நான்காம் வடிவத்தில் தொடுதிரை இருந்தது. விரல் பட்ட இடத்தை அகச்சிவப்புக் கதிர்களால் கண்டறிந்த அந்தத் திரையைத் தொட்டுத் தொடக்க வகுப்புக் குழந்தைகள் கணக்கும் வாசிப்பும் பயின்றார்கள்.

அதே காலத்தில் இன்னொரு பாதையும் பிறந்தது. சீமூர் பாப்பர்ட், வாலி ஃபோர்சீக், சிந்தியா சாலமன் ஆகியோர் 1967இல் லோகோ என்னும் கணினி மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். ஆமை ஒன்றுக்குக் கட்டளையிட்டுக் கோடு வரையவைக்கும் மொழி அது. சதுரம் வரைய வேண்டுமானால், எத்தனை அடி நடந்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று குழந்தை யோசித்தாக வேண்டும். ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ஜீன் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றியவர் பாப்பர்ட். கணினி குழந்தையை இயக்குவதைவிட, குழந்தை கணினியை இயக்குவதே கல்வி என்பது அவர் கொள்கை. இன்றைய தளங்களை எடைபோடவும் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

லோகோவின் வழித்தோன்றல் ஸ்கிராட்ச். 2007இல் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் அதை வெளியிட்டார்கள். வண்ணக் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் எழுதும் இத்தளம் 8 வயது முதலான குழந்தைகளுக்கானது. அதற்கும் சிறியவர்களுக்காக, 5 முதல் 7 வயதுக்கென, 2014இல் ஸ்கிராட்ச் ஜூனியர் என்னும் செயலி வந்தது. மெய்நிகர் செயல்பாடுகளில் முன்னோடி ஃபெட். 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் தொடங்கிய திட்டம் அது. கல்லூரி இயற்பியலுக்காகத் தொடங்கி, இன்று தொடக்கப் பள்ளிக் கணக்கு வரை இறங்கி வந்திருக்கிறது. அதன் செயல்பாடுகள் இலவசம். சில தமிழிலும் கிடைக்கின்றன.

பழைய தளங்கள் பலவும் ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் இயங்கின. 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. எச்டிஎம்எல் 5 என்னும் இணைய வடிவத்துக்கு மாற்றப்படாத எண்ணற்ற பாடங்கள் அதோடு இயங்காமல் போயின. பள்ளிக்கு இதில் ஒரு பாடம் உண்டு: ஒரே ஒரு தளத்தை நம்பி ஆண்டு முழுமைக்கும் பாடத்திட்டம் அமைக்கக் கூடாது.

பொருள், திரை, நோட்டு

6 முதல் 10 வயது வரையிலான குழந்தை கையால் தொட்டதையும் கண்ணால் கண்டதையும் கொண்டே சிந்திக்கிறது. பியாஜே 7 முதல் 11 வயது வரையிலான பருவத்தைப் பருப்பொருள் சார்ந்த சிந்தனைப் பருவம் என்றார். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர், அறிவு மூன்று வடிவங்களில் மனத்தில் படிகிறது என்று விளக்கினார்: செயலாக, படமாக, குறியீடாக. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவிப்பது செயல். அந்தக் குவியல்களை வரைவது படம். 34 என்று எழுதுவது குறியீடு.

ஊடாடும் தளத்தின் இடம் இந்த மூன்றில் நடுவே இருக்கிறது. அது அசையும் படம்; குழந்தை அசைத்தால் அசையும் படம். அதன் தனிச்சிறப்பு, படமும் குறியீடும் ஒரே நொடியில் சேர்ந்து மாறுவது. கரும்பலகையில் ஆசிரியர் ஒரு படத்தை அழித்து இன்னொன்றை வரைவதற்குள் முந்தைய படம் குழந்தையின் நினைவிலிருந்து மறைந்துவிடும். திரையில் எண்ணை மாற்றியதும் படம் மாறுகிறது. படத்தை மாற்றியதும் எண் மாறுகிறது. இரண்டுக்கும் உள்ள உறவு கண்முன்னே நிகழ்கிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பொருள், அடுத்து திரை, இறுதியில் நோட்டு. பொருளைத் தொடாமல் திரைக்குப் போகும் குழந்தைக்கு அங்கே காண்பது வெறும் பொம்மை விளையாட்டு. திரையோடு நின்றுவிடும் குழந்தைக்குக் கண்டது எழுத்தாகவும் எண்ணாகவும் மாறுவதில்லை.

ஒரு பாடம்: பின்னம்

இந்த வரிசை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பின்னப் பாடத்தில் தெளிவாகக் காணலாம். 1/4 பெரிதா, 1/8 பெரிதா என்று கேட்டால் குழந்தைகள் பலர் 1/8 என்பார்கள். 8 என்பது 4ஐவிடப் பெரிது என்று அதுவரை கற்றதை அப்படியே பின்னத்துக்கும் பொருத்துகிறார்கள். இது கவனக்குறைவு கிடையாது. முழு எண்களில் சரியாக இருந்த ஒரு விதியைப் பின்னத்துக்கும் நீட்டியதன் விளைவு. மீண்டும் மீண்டும் பயிற்சிக் கணக்கு கொடுத்து இதைத் திருத்த முடியாது. பின்னம் எதைக் குறிக்கிறது என்ற எண்ணமே மாற வேண்டும்.

முதல் படி காகிதம். ஒவ்வொரு குழந்தையும் ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை எடுக்கிறது. ஒன்றை நான்காக மடிக்கிறது, மற்றொன்றை எட்டாக. மடிப்பு கோணலானால் துண்டுகள் சமமாக வருவதில்லை. அந்தக் கோணல்தான் பாடத்தின் முதல் கருத்து: துண்டுகள் சமமாக இருந்தால்தான் கால் என்றும் அரைக்கால் என்றும் சொல்ல முடியும். திரை இதைக் கற்பிக்காது. ஏனெனில் திரையில் எல்லாத் துண்டுகளும் தாமாகவே சமமாக வெட்டுப்பட்டு வரும். கை செய்யும் பிழைக்கு இங்கே ஒரு கல்வி மதிப்பு இருக்கிறது.

இரண்டாம் படி ஊகம். திரையைத் தொடுவதற்கு முன் ஆசிரியர் கேட்கிறார்: "பகுதியிலுள்ள 4ஐ 5 ஆக்கினால் துண்டு பெரிதாகுமா, சிறிதாகுமா?" ஒவ்வொருவரும் தம் விடையை எழுதிவைக்கிறார்கள். எழுதிவைத்த ஊகம் இல்லாவிட்டால், திரையில் எது நடந்தாலும் "எனக்கு முன்பே தெரியும்" என்று மனம் சொல்லிக்கொள்ளும். ஊகம் பொய்க்கும்போது வரும் வியப்பில்தான் கற்றல் தொடங்குகிறது.

மூன்றாம் படி திரை. ஃபெட் தளத்தில் பின்ன அறிமுகத்துக்கென ஒரு செயல்பாடு இருக்கிறது. வட்டம், செவ்வகம், நீர்க்குடுவை, கேக், எண்கோடு என ஒரே பின்னத்தைப் பல உருவங்களில் அது காட்டும். பகுதியிலுள்ள எண்ணைக் கூட்டக் கூட்டத் துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகும். தாளை ஏழாக மடிக்கப் பெரியவர்களும் திணறுவார்கள். திரையில் ஒரு தொடுதலில் ஏழு துண்டுகள் வந்துவிடும். 4, 5, 6, 7, 8 என்று வரிசையாக மாற்றிப் பார்க்கும் குழந்தை, பகுதி வளர்ந்தால் துண்டு சிறுக்கும் என்ற விதியைத் தானே கண்டுகொள்கிறது. தாளில் கிடைக்காத இந்தத் தொடர்ச்சிதான் திரை தரும் கொடை. துண்டுகளைக் கூடையிலிருந்து இழுத்து வைத்துக்கொண்டே போனால் நான்கு கால்துண்டுகளில் வட்டம் நிறைந்துவிடும். ஐந்தாவது துண்டுக்கு அடுத்த வட்டம் வேண்டும். 5/4 என்பது பிழையான எண் என்று நினைத்திருந்த குழந்தைக்கு அப்போது விளக்கம் கிடைக்கிறது.

நான்காம் படி பேச்சு. "ஏன் சிறுத்தது?" என்று ஆசிரியர் கேட்கிறார். ஒரே தாளை அதிகப் பேருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும் என்று ஏதாவது ஒரு குழந்தை தன் சொற்களில் சொல்லும். அந்த வாக்கியம்தான் பாடம். அதைத் தளம் சொல்லக் கூடாது. குழந்தையின் வாயிலிருந்து வர வேண்டும். ஐந்தாம் படி நோட்டு: எண்கோடு வரைந்து 1/2, 1/4, 1/8 ஆகியவற்றைக் குறிப்பது. திரை இல்லாமலே குறிக்க முடிந்தால் பாடம் நிலைத்தது என்று கொள்ளலாம். இந்த ஐந்து படிகளில் திரைக்குரியது ஒன்றுதான். மற்ற நான்கும் ஆசிரியரின் திட்டத்தில் இருக்கின்றன.

பிற பாடங்களில்

அறிவியலில் மெய்நிகர் செயல்பாடுகளின் பயன் அச்சமின்றிப் பிழை செய்ய விடுவது. ஃபெட்டின் மின்சுற்றுச் செயல்பாட்டில் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்தால் திரையில் தீப்பற்றும். வகுப்பில் செய்து காட்ட முடியாததைக் குழந்தை பாதுகாப்பாகச் செய்து பார்த்து, பல்பு ஏன் வேண்டும் என்று யோசிக்கிறது. ஆனால் செடியின் வேரையும் மழைநீர் மண்ணில் ஊறுவதையும் திரையில் காட்டுவது வீண். அவை பள்ளி வளாகத்திலேயே இருக்கின்றன. கண்ணுக்கு எட்டாதது, ஆபத்தானது, மிக மெதுவாகவோ மிக விரைவாகவோ நிகழ்வது, பலமுறை மாற்றிப் பார்க்க வேண்டியது ஆகிய நான்குக்கும் திரை ஏற்றது.

மொழிப்பாடத்தில் வாசிப்புத் தளங்கள் பெரும் பஞ்சத்தைத் தீர்த்திருக்கின்றன. தொடக்க வகுப்புகளுக்குரிய தமிழ்ப் படக்கதை நூல்கள் சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் படக்கதைகள் வாசிப்பு நிலைவாரியாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் உள்ளதால் ஆசிரியர் அவற்றை அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், அதே படங்களுக்குக் குழந்தைகளைப் புதிய கதை எழுதவைக்கலாம். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 2001இல் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக உள்ள அரசு நிறுவனத்தின் மழலைக் கல்விப் பகுதியில் பாடல்கள், கதைகள், எண்கள், எழுத்துகள் ஒலியோடு உள்ளன. வெளிநாடுகளில் வளரும் தமிழ்க் குழந்தைகளையும் மனத்தில் கொண்டு உருவானது அது. எனினும் எழுத்தின் வடிவம் கைவழியாகவே பதியும். ழகரத்தின் சுழியைத் திரையில் தொட்டுப் பார்த்த குழந்தை மணலிலும் சிலேட்டிலும் அதை எழுதியாக வேண்டும்.

நல்ல மறுமொழி எது

தளத்தின் தரத்தை அதன் மறுமொழியில் அறியலாம். விடை தவறானதும் சிவப்புக் குறி காட்டி அடுத்த கேள்விக்குத் தாவும் தளம், குழந்தைக்கு எதையும் கற்பிக்கவில்லை. மதிப்பெண் மட்டும் போட்டிருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் தளத்தில், சில நிமிடங்களுக்குள் குழந்தை யோசிப்பதை விட்டுவிட்டு நான்கையும் மாறி மாறித் தொடத் தொடங்கும். தவறின் விளைவைக் காட்டும் தளமே நல்லது: பலகை சாய வேண்டும், பல்பு அணைய வேண்டும், கோடு வளைய வேண்டும். அப்போது தவறு அவமானம் ஆகாமல் அடுத்த முயற்சிக்கான செய்தி ஆகிறது.

அலங்காரம் இன்னொரு சோதனை. பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர், பாடத்துக்குத் தொடர்பில்லாத படமும் இசையும் கதையும் கற்றலைக் குறைக்கின்றன என்று பல ஆய்வுகளின் வழியே காட்டினார். சிறு குழந்தைக்குக் கவனம் மிகக் குறைந்த அளவே உண்டு. ஒவ்வொரு சரியான விடைக்கும் வாணவேடிக்கை நடத்தும் தளம் அந்தக் கவனத்தைக் கணக்கிலிருந்து பறித்து வேடிக்கைக்குக் கொடுத்துவிடுகிறது.

தளத்தை வகுப்புக்குக் கொண்டுவரும் முன் ஆசிரியர் குழந்தையின் இடத்தில் அமர்ந்து முழுவதும் செய்து பார்ப்பது அவசியம். அப்போது சில கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். இந்த வாரப் பாடத்தின் எந்தக் கருத்துக்கு இது உதவுகிறது? வாசிக்கத் தடுமாறும் குழந்தையும் இதைப் பயன்படுத்த முடியுமா? மொழி குழந்தைக்குப் புரிகிறதா? விளம்பரம் வருகிறதா? கணக்குத் தொடங்கச் சொல்கிறதா? பள்ளியில் உள்ள பழைய கணினியில் இயங்குகிறதா? இவற்றில் முதல் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் மற்றவற்றைக் கேட்கத் தேவையில்லை.

வகுப்பறை ஏற்பாடு

குழந்தைக்கு ஒரு கணினி இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்பது தவறான எண்ணம். சிறு வயதில் ஒரு திரையை மூவர் பகிர்வது தனியே அமர்வதைவிட நல்லது. ஒருவர் இயக்க, ஒருவர் ஊகம் சொல்ல, மற்றவர் எழுத, முறை மாறிக்கொண்டே வரும்போது குழந்தைகள் பேசியாக வேண்டியிருக்கிறது. பேசும்போதுதான் சிந்தனை தெளிகிறது. ஒரே கணினி உள்ள வகுப்பில் மூன்று குழுக்கள் அமைக்கலாம்: ஒன்று பொருள்களோடு, ஒன்று திரையில், ஒன்று நோட்டில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறலாம்.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குக் குழுமுறை புதிதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தைகள் அட்டைகளோடு குழுவாக அமர்ந்து பாடப் படிகளை வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் அவரவர் வேகத்தில் முன்னேறினார்கள். பெருந்தொற்றுக்காலக் கற்றல் இடைவெளியை ஈடுசெய்ய 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. ஊடாடும் தளத்தையும் இதே நிலைகளுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பதே இயல்பான வழி. அரும்பு நிலைக் குழந்தைக்கு 10 வரை குவிக்கும் செயல்பாடும், மலர் நிலைக் குழந்தைக்கு இடமதிப்புச் செயல்பாடும் ஒரே நேரத்தில் நடக்கலாம். பாடநூல்களில் அச்சான கியூஆர் குறியீடுகள், 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளத்தின் பாடப்பொருள்களுக்கு நேரே வழிகாட்டுகின்றன.

இணைய இணைப்பு அறுபடுவது அன்றாட நடப்பு என்பதால், இணைப்பின்றி இயங்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. ஃபெட் செயல்பாடுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். கோலிப்ரி என்னும் இலவச மென்பொருள், ஒரு கணினியில் சேமித்த பாடங்களை இணையமே இல்லாமல் அறையிலுள்ள மற்ற கருவிகளுக்கு அனுப்பும்.

நேரத்துக்கும் எல்லை வேண்டும். பெருந்தொற்றுக்காலத்தில் இந்திய அரசு வெளியிட்ட பிரக்யதா வழிகாட்டுதல், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை இணையவழி வகுப்பு நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் போகக் கூடாது என்றது. பள்ளி திறந்திருக்கும் நாளில் இதைவிடக் குறைவே போதும். ஒரு கருத்துக்கு 15 அல்லது 20 நிமிடத் திரை, அதற்கு இருபுறமும் கைவேலையும் பேச்சும் என்பது சிறு குழந்தைக்குத் தகுந்த அளவு.

குழந்தையின் தரவு

இலவசத் தளங்கள் சில, குழந்தையின் பெயரையும் பழக்கத்தையும் சேகரித்து வருவாய் தேடுகின்றன. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்காக 1998இலேயே இத்தகைய சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருப்பதால் ஆசிரியரின் பொறுப்பு குறையாது. கணக்குத் தொடங்காமல் பயன்படும் தளத்தைத் தேர்வதே எளிய பாதுகாப்பு. கணக்கு தேவையென்றால் குழந்தையின் முழுப்பெயர், புகைப்படம், வீட்டு எண் எதையும் கொடுக்காமல் குழுப்பெயரில் தொடங்க வேண்டும். பெற்றோருக்கு எந்தத் தளம், எதற்காக என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

2005இல் வெளியான ஓர் ஆய்வில், மெய்நிகர் மின்சுற்றில் பயின்ற கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள், உண்மைக் கருவிகளில் பயின்றவர்களைவிட உண்மையான சுற்றையே நன்றாக அமைத்தார்கள். ஆனால் அவர்கள் கல்லூரி மாணவர்கள். பல்பையும் கம்பியையும் முன்பே தொட்டுப் பழகியிருக்கக்கூடியவர்கள். அந்த முடிவை ஏழு வயதுக் குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது. மறுபுறம், 15 வயது மாணவர்களின் தேர்ச்சியை நாடுவாரியாக ஒப்பிட்ட ஓஇசிடி என்னும் பன்னாட்டு அமைப்பின் 2015ஆம் ஆண்டு அறிக்கை, கல்வியில் கணினிக்குப் பெருந்தொகை செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணக்கிலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்றது. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கையும், தொழில்நுட்பம் கற்றலுக்குத் துணையாக நிற்க வேண்டும், ஆசிரியரின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வலியுறுத்தியது.

இந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினாலும் சொல்வது ஒன்றே. கருவி வாங்கியதால் மட்டும் கல்வி உயராது. குறிப்பிட்ட கருத்துக்கு, குறிப்பிட்ட செயல்பாட்டை, தக்க நேரத்தில் பயன்படுத்தினால் உயரும். எனவே பள்ளிக்குக் கணினி வழங்கும் அரசும் நன்கொடையாளர்களும், அதே அக்கறையோடு ஆசிரியருக்குப் பயிற்சியும், பாடத்தைத் திட்டமிட நேரமும் வழங்க வேண்டும். ஆசிரியர் ஒரே ஒரு கருத்தை, ஒரே ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு தொடங்கினால் போதும். பொருளைக் கையில் கொடுத்து, ஊகத்தை எழுதவைத்து, திரையைத் தொடவிட்டு, ஏன் என்று கேட்டு, நோட்டில் எழுதவைக்கும் வகுப்பில் ஒரே ஒரு பழைய கணினி இருந்தாலும் குழந்தைகள் கற்பார்கள்.